வீட்டுக்குள்ள ஒரு ரூமை வாடகைக்கு விடப்போறவங்களுக்கு: அக்ரிமெண்ட்ல நான் என்னென்ன எழுதுறேன், ஏன்

தெரிஞ்சவங்க யாராவது "ரூம் ஒண்ணு சும்மா கெடக்கு, வாடகைக்கு விடலாம்னு இருக்கோம், உங்ககிட்ட அக்ரிமெண்ட் ஃபார்மேட் இருந்தா அனுப்புங்களேன்"னு கேட்டா நான் உடனே அனுப்புறதில்ல. முதல்ல ஒரு கேள்வி கேப்பேன், வர்றவங்க கிச்சன் பாத்ரூமை உங்களோட சேர்ந்து யூஸ் பண்ணப் போறாங்களா, இல்ல அவங்களுக்குன்னு தனியா இருக்கா? பாதிப் பேருக்கு இதை ஏன் கேக்கறேன்னே புரியாது. அக்ரிமெண்ட்டுக்கும் பாத்ரூமுக்கும் என்ன சம்பந்தம்னு சிரிப்பாங்க. சம்பந்தம் நிறையவே இருக்கு.

நெட்ல கிடைக்கிற ஃபார்மேட் எல்லாம் பெரும்பாலும் முழு வீட்டுக்கானது. அதுல என்ன இருக்கும்னா, வீட்டை ஒப்படைச்சாச்சு, இனி உள்ள நடக்கிறது குடியிருக்கிறவர் பாடு, மாசம் பொறந்தா வாடகை, போகும்போது வாங்கின மாதிரியே திருப்பிக் குடுக்கணும், அவ்வளவுதான். ஆனா நீங்களும் அதே வீட்ல தான் இருக்கப் போறீங்க, ஒரே வாசல், ஒரே ஃப்ரிட்ஜ், ஒரே வாஷிங் மெஷின், ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கணும். நீங்க ஓனர் மட்டும் இல்ல, கூட இருக்கிற ஆளும் நீங்கதான். நாங்க மாடியில ரெண்டு ரூமை சில வருஷமா விடுறோம், இதுல கோர்ட்டு கேஸ்னு போற அளவுக்கு எதுவும் வந்ததில்ல, வர்றதெல்லாம் கெஸ்ட், சத்தம், கரண்ட் பில், கேட் சாவி இந்த லெவல்ல தான் வரும், அதனால என்னோட அக்ரிமெண்ட்ல சட்ட வாசகம் கம்மியாவும் இந்த மாதிரி அன்றாட விஷயம் ஜாஸ்தியாவும் இருக்கும். வக்கீல் ஒருத்தர் பாத்துட்டு "என்னங்க இது ஹாஸ்டல் ரூல்ஸ் மாதிரி இருக்கு"ன்னார். இருக்கட்டும்.

சரி, அந்த பாத்ரூம் கேள்விக்கு வரேன். நிறைய நாடுகள்ல, ஓனரோட சேர்ந்து வீட்டைப் பகிர்ந்து இருக்கிறவருக்கும், தனக்குன்னு தனி இடத்தைப் பூட்டி வச்சிருக்கிற குடித்தனக்காரருக்கும் சட்டம் ஒரே மாதிரி பாதுகாப்பு குடுக்கறதில்ல. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்தை எடுத்துக்கோங்க, ஓனரோ அவங்க நெருங்கின குடும்பமோ அதே கட்டடத்துல இருந்து, வாடகைக்கு வர்றவர் அவங்களோட கிச்சனையோ பாத்ரூமையோ பகிர்ந்துக்கணும்னு இருந்தா, அங்க இருக்கிற 2006ம் வருஷத்து வாடகைச் சட்டமே அவருக்குப் பொருந்தாது. அப்போ எழுதி வச்ச அக்ரிமெண்ட் தான் கிட்டத்தட்ட எல்லாமே. இங்கிலாந்துல ஓனர் கூடவே தங்கி இடத்தைப் பகிர்ந்துக்கிறவரைக் காலி பண்ணச் சொல்ல நியாயமான நோட்டீஸ் குடுத்தா போதும், கோர்ட் ஆர்டர் வாங்கத் தேவையில்ல, ஆனா தனி போர்ஷன்ல இருக்கிற குடித்தனக்காரர்னா கதை வேற.

இதைக் கேட்டதும் சில பேருக்கு ஒரு ஐடியா தோணும், "அப்போ பேப்பர்ல மேல லைசென்ஸ்னு, அதாவது குடித்தனம் இல்ல, தங்கிக்க வெறும் அனுமதி தான்னு தலைப்பு போட்டுட்டா முடிஞ்சுது, டெனன்ட்டே கிடையாது"ன்னு. வேலைக்கு ஆகாது. இங்கிலாந்துல இதே விஷயம் 1985ல, அப்போ அங்க உச்ச நீதிமன்றமா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போச்சு, ஸ்ட்ரீட் எதிர் மவுன்ட்ஃபோர்டுன்னு கேஸ், ரெண்டு ரூம் தான், வாடகைக்கு வந்த அம்மா கையெழுத்துப் போட்ட பேப்பர்ல இது வெறும் லைசென்ஸ்னு தெளிவா இருந்துச்சு, ஆனாலும் அந்த இடம் முழுக்க அவங்க கையில இருக்கு, வாடகை வாங்குறீங்க, காலம் குறிச்சிருக்கீங்க, அப்போ இது குடித்தனம் தான்னு தீர்ப்பு. இந்தியாவுல அதுக்கும் முன்னாடியே, 1959ல, டெல்லி இம்பீரியல் ஹோட்டலுக்குள்ள முடிதிருத்தும் கடை நடத்தினவர் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதே மாதிரி தான் பாத்துச்சு, பேப்பர்ல என்ன பேர் வச்சீங்கன்னு இல்ல, உண்மையில என்ன குடுத்தீங்கன்னு. அதனால தலைப்புல சாமர்த்தியம் காட்டாம, உங்க வீட்ல நிஜமா என்ன நடக்கப் போகுதோ அதை எழுதுங்க.

அப்புறம் உங்க ஊர்ச் சட்டம் கேக்கிற ஃபார்மாலிட்டி. இது இடத்துக்கு இடம் மாறும், பக்கத்து நாட்டுல இருக்கிற மச்சான் சொன்னான்னு செய்யாதீங்க. சிங்கப்பூர்ல அரசு அடுக்குமாடி வீட்ல ரூம் விடணும்னா முன்கூட்டியே வீட்டு வாரியத்துக்கிட்ட அனுமதி வாங்கணும், ஆறு மாசத்துக்குக் குறைஞ்சு விடக்கூடாது, தனியார் வீடுன்னா மூணு மாசம். இந்தியாவுல எல்லாரும் பதினொரு மாச அக்ரிமெண்ட் போடுறதுக்குக் காரணம் 1908ம் வருஷத்துப் பதிவுச் சட்டம், ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைக் கட்டாயம் பதிவு பண்ணணும்னு அதுல இருக்கு, அதைத் தவிர்க்கத்தான் பதினொண்ணு. ஆனா தமிழ்நாட்டுல 2017ல புது வாடகைச் சட்டம் போட்டு 2019ல அமலுக்கு வந்ததுக்கு அப்புறம், எத்தனை மாசமா இருந்தாலும் எழுத்துல அக்ரிமெண்ட் போட்டு 90 நாளுக்குள்ள வாடகை அதிகாரிகிட்ட பதியணும். பதினொரு மாசம் தானேன்னு பத்திரத்தாள்ல எழுதி பீரோவுல வச்சுட்டா முடிஞ்சுதுன்னு இன்னும் நினைச்சுட்டு இருக்கிறவங்க நிறைய பேர்.

இதெல்லாம் ஒரு தடவை உக்காந்து பாத்துட்டா முடிஞ்சுது. நிஜமான வேலை இதுக்கு அப்புறம் தான்.

முதல்ல நான் எழுதுறது, எதை வாடகைக்கு விடுறேன்ங்கிறது. "மாடியில் உள்ள அறை"ன்னு மட்டும் எழுதினா பத்தாது. எந்த ரூம், அதுல என்னென்ன சாமான் இருக்கு, கட்டில், மெத்தை, அலமாரி, மேசை, எத்தனை சாவி. அடுத்து எதெல்லாம் பொது, கிச்சன், பாத்ரூம், துணி காயப்போடுற இடம், ஃப்ரிட்ஜ்ல எந்தத் தட்டு அவங்களுக்கு, அலமாரியில எந்த அடுக்கு. மூணாவது எது கிடையாது, இதைத்தான் யாரும் எழுத மாட்டாங்க, கீழ இருக்கிற ஸ்டோர் ரூம், எங்க ஹால், கார் நிறுத்துற இடம். ஹால்ல உக்காந்து டிவி பாக்கலாமா கூடாதான்னு ஒரு வார்த்தை எழுதிட்டீங்கன்னா நீங்களும் முகம் சுளிக்க வேணாம், அவங்களும் சங்கடப்பட வேணாம். "இதெல்லாம் போய் எழுதணுமா, அவங்களுக்கே தெரியாதா"ன்னு எங்க வீட்ல அவர் கேப்பார். எப்படித் தெரியும், அவங்க வளர்ந்த வீட்ல ஹால் எல்லாருக்கும் பொதுவா இருந்திருக்கும்.

பேரு. ரூம்ல தங்கப் போற ஒவ்வொருத்தர் பேரும் இருக்கணும், கையெழுத்தும் இருக்கணும். ஒரு ரூம்ல ரெண்டு பேர்னா இது ரொம்ப முக்கியம், இதுல கொஞ்சம் நிதானமா சொல்றேன். ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் வந்தாங்க, ஒரே ஊர், ஒரே ஆபீஸ், அண்ணன் தம்பி மாதிரி. இந்த மாதிரி வரும்போது ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஆளுக்கு ஒரு அக்ரிமெண்ட், ஆளுக்குப் பாதி வாடகை, ஒருத்தர் போனா இன்னொருத்தர் பாதி குடுத்துட்டு இருப்பார், காலியான கட்டிலுக்கு நீங்க ஆள் தேடணும். இன்னொண்ணு, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அக்ரிமெண்ட், மொத்த வாடகைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாவும் பொறுப்பு, அதாவது ஒருத்தர் குடுக்கலன்னா இன்னொருத்தர்கிட்ட முழுசும் கேக்கலாம். நான் ரெண்டாவதைப் போட்டேன், போடும்போதே ரெண்டு பேருக்கும் அதோட அர்த்தத்தை வாய்விட்டு சொன்னேன், "தம்பி, இவர் நாளைக்கே வேற ஊருக்குப் போயிட்டா முழு வாடகையும் உங்ககிட்ட தான் கேப்பேன், சரியா"ன்னு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. கொஞ்ச மாசத்துலயே ஒருத்தருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சு கிளம்பிட்டார், இருந்தவர் வந்து "அக்கா நான் என் பாதிய மட்டும் தானே குடுக்கணும்"னார். பேப்பரை எடுத்து சண்டை போடல, அந்த வரியக் காமிச்சேன், கூடவே அதுக்கு அடுத்த வரியையும் காமிச்சேன், ஒருத்தர் கிளம்பினா நாப்பத்தஞ்சு நாளுக்குள்ள எங்க ரெண்டு பேருக்கும் சம்மதமான இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வரலாம், வந்தா புது அக்ரிமெண்ட், அதுவரைக்கும் போனவரோட டெபாசிட் பங்கு எங்ககிட்டயே இருக்கும்னு. அவரே ஆபீஸ்ல விசாரிச்சு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துட்டார். அந்த ரெண்டாவது வரி இல்லாம முதல் வரிய மட்டும் வச்சிருந்தா அந்தப் பையன் மேல முழு பாரத்தையும் ஏத்தின மாதிரி ஆயிருக்கும், அவனும் அடுத்த மாசமே காலி பண்ணிட்டுப் போயிருப்பான்.

ஆளுக்கு ஒண்ணா, சேர்த்து ஒண்ணா எது நல்லதுன்னா, முன்ன பின்ன தெரியாத ரெண்டு பேர் ஒரே ரூமுக்கு வந்தா தனித்தனியா போடுங்க. யாரோ ஒருத்தர் வாடகைக்கு இன்னொருத்தரைப் பொறுப்பாக்கறது நியாயமும் இல்ல, நடக்கவும் நடக்காது.

வாடகை, தேதி, எப்படிக் குடுக்கணும், இதுல சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல, பேங்க் மூலமா வாங்குங்க, கையில வாங்கினா ரசீது குடுங்க, மாச நடுவுல வந்தா முதல் மாசத்துக்கு எப்படிக் கணக்குன்னு எழுதிடுங்க. வாடகை ஏத்துறதா இருந்தா எப்போ, எவ்வளவுன்னு இப்பவே எழுதிடுங்க, உங்க ஊர்ல அதுக்கு உச்சவரம்பு இருக்கான்னும் பாத்துக்கோங்க.

டெபாசிட் தான் பேசணும். இதுக்கும் ஊருக்கு ஊரு கணக்கு உண்டு. ஜெர்மனியில மத்த கட்டணங்கள் எதையும் சேர்க்காத வெறும் வாடகையில மூணு மாச அளவுக்கு மேல டெபாசிட் வாங்க முடியாது, அதையும் மூணு தவணையா குடுக்க குடித்தனக்காரருக்கு உரிமை இருக்கு. ஒன்டாரியோவுல அந்த வாடகைச் சட்டத்துக்குள்ள வர்ற குடித்தனம்னா சேதத்துக்குன்னு டெபாசிட்டே வாங்கக்கூடாது, கடைசி மாச வாடகையை மட்டும் முன்பணமா வாங்கலாம். தமிழ்நாட்டுச் சட்டத்துல, அக்ரிமெண்ட்ல வேற மாதிரி பேசிக்காத வரைக்கும் மூணு மாச வாடகை தான் எல்லை, காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள பிடித்தம் போக மிச்சத்தைத் திருப்பித் தரணும். எல்லை எதுவா இருந்தாலும் அக்ரிமெண்ட்ல நான் மூணு விஷயம் எழுதுவேன், இந்தப் பணத்துல இருந்து எதுக்கெல்லாம் பிடிக்கலாம், எத்தனை நாள்ல திருப்பித் தருவேன், கடைசி மாச வாடகையை இதுல கழிச்சுக்கோங்கன்னு சொல்லலாமா கூடாதா. மூணாவது ரொம்ப முக்கியம், ஏன்னா போற மாசம் எல்லாரும் சொல்ற டயலாக் அதுதான், "டெபாசிட்ல கழிச்சுக்கோங்க அக்கா." கழிச்சுட்டா அப்புறம் ரூமைத் திறந்து பாக்கும்போது கையில ஒண்ணும் இருக்காது.

எதுக்குப் பிடிக்கலாம்ங்கிறதுல நியாயமா இருங்க. சுவர் பெயின்ட் மங்குறது, மெத்தை அமுங்குறது, கதவு கைப்பிடி லூஸ் ஆகுறது, இதெல்லாம் ஆள் இருந்தா நடக்கத்தான் செய்யும், அதுக்குத்தான் வாடகை வாங்குறோம். மேசை மேல அயர்ன் பாக்ஸை வச்சுத் தீய்ச்சா அது வேற. ரெண்டுக்கும் நடுவுல வர்றதுக்குத்தான் போட்டோ. சாவி குடுக்கிற அன்னைக்கு நானும் அவங்களும் சேர்ந்து ரூமைச் சுத்தி போட்டோ எடுப்போம், ஏற்கெனவே இருக்கிற கீறல், கறை எல்லாத்தையும் கிட்டக்க எடுப்போம், ரெண்டு பேர் போன்லயும் இருக்கும், சாமான் லிஸ்ட்ல கையெழுத்து. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, பழைய கீறலை நாமளே காமிச்சுக் குடுத்தா வர்றவங்களுக்கு நம்ம மேல ஒரு நம்பிக்கை வந்துடுது.

கரண்ட், தண்ணி, இன்டர்நெட். தனி மீட்டர் இல்லாத ரூமுக்கு மாசாமாசம் பில்லை வச்சுக்கிட்டு வகுத்தல் கணக்கு போட்டா, ரெண்டு மாசத்துல உறவு கசந்துடும். "நான் பத்து நாள் ஊர்ல இல்லையே அக்கா"ன்னு ஒருத்தர், "அவர் ரூம்ல ஏசி ராத்திரி பூரா ஓடுதே"ன்னு இன்னொருத்தர். என் முறை என்னன்னா சாதாரண உபயோகத்தை வாடகையிலயே சேர்த்துடுவேன், ஏசி, ஹீட்டர் மாதிரி அதிகமா இழுக்கிறதுக்கு மட்டும் அந்த ரூமுக்கு ஒரு சப் மீட்டர், அதுல ஓடின யூனிட்டுக்கு பில்லுல என்ன ரேட் வருதோ அதே ரேட். அதுல லாபம் வைக்காதீங்க. சில இடங்கள்ல சட்டப்படியும் தப்பு, அது இல்லாட்டியும் பில்லைப் பாக்கணும்னு அவங்க கேட்டா காமிக்க முடியணும். இன்டர்நெட் உங்க பேர்ல தான் இருக்கும், அதுல யாராவது ஏடாகூடமா ஏதாவது பண்ணினா முதல் கேள்வி உங்களுக்குத் தான் வரும், அதனால சட்டத்துக்குப் புறம்பா யூஸ் பண்ணக்கூடாதுன்னு ஒரு வரி போட்டுட்டு, முடிஞ்சா அவங்களுக்குன்னு தனி கெஸ்ட் நெட்வொர்க் வச்சுடுங்க.

இப்ப கெஸ்ட். ரூம் வாடகையில வர்ற சண்டையில பெரும்பாதி இதுதான்னு என் அபிப்ராயம். சில ஓனர்ங்க "யாரும் வரக்கூடாது"ன்னு ஒரே வரியில எழுதிடுவாங்க, எழுதிட்டு நிம்மதியா இருப்பாங்க, ஆனா அதை அமல்படுத்தணும்னா நீங்க வாசல்ல உக்காந்திருக்கணும். எதை உங்களால பாத்துக்கிட்டே இருக்க முடியாதோ அதை எழுதாதீங்க, எழுதி அதை அவங்க மீறி நீங்களும் கண்டுக்காம விட்டா, மத்த வரிகளுக்கும் மதிப்பு போயிடும். பகல்ல யாரு வந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. ராத்திரி தங்கினா முன்கூட்டியே ஒரு மெசேஜ். தொடர்ச்சியா மூணு ராத்திரிக்கு மேலன்னா பேசணும். வந்தவங்களுக்கு சாவி குடுக்கக்கூடாது. கெஸ்ட் பண்ற சேதத்துக்குக் கூட்டிட்டு வந்தவர் பொறுப்பு. அவ்வளவு தான். கெஸ்ட்டா வந்தவர் மெதுமெதுவா குடித்தனமே ஆயிடுறது தான் உண்மையான பிரச்சினை, டூத் பிரஷ் வரும், அப்புறம் பை வரும், அப்புறம் பேர் தெரியாத பார்சல் வரும். அதுக்குத்தான் அந்த மூணு ராத்திரிக் கணக்கு, ஆண் பெண்ணுன்னு பாக்க இல்ல.

டைம் ரூலும் இதே கதைதான். "பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிடுவேன்"னு ஒரு வரி எங்க பழைய பேப்பர்ல இருந்துச்சு, என் மாமனார் காலத்துல எழுதினது. ஒரு நர்ஸ் பொண்ணு ரூம் பாக்க வந்தா, அந்த வரியப் படிச்சுட்டு "அக்கா, எனக்கு டியூட்டி முடியறதே பத்தரைக்கு"ன்னா. வரிய அடிச்சுட்டு, பத்துக்கு மேல வந்தா கேட்டைச் சத்தம் இல்லாம மூடணும், மாடிப்படி லைட்டை அணைக்கணும்னு எழுதினோம். நமக்கு வேண்டியது தூக்கம் கெடக்கூடாது, அவ்வளவு தானே, அதுக்கு எதுக்குப் பூட்டு.

அதே பொண்ணு இன்னொண்ணும் கேட்டா. "நீங்க எனக்கு இவ்வளவு எழுதியிருக்கீங்களே, நான் ஒண்ணு சேக்கலாமா"ன்னு. நைட் டியூட்டி முடிச்சு அவ காலையில தூங்குற நாள்கள்ல அவ ரூமை ஒட்டி இருக்கிற வாஷிங் மெஷினை மதியம் வரைக்கும் ஓட்டக்கூடாதுன்னு. அன்னைக்கு இருந்து நான் எல்லார்கிட்டயும் கேக்கறேன், உங்க பக்கத்துல இருந்து என்ன சேக்கணும்னு. கேக்கறதுனால நமக்கு ஒண்ணும் குறையறதில்ல, ஆனா வர்ற ஆள் எப்படிப்பட்டவர்னு அந்த ஒரு கேள்வியில நிறைய தெரிஞ்சுடும். ஒருத்தர் "கிச்சன்ல கேமரா வேணாம்"னார், இன்னொருத்தர் "ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்"னார், ரெண்டும் நியாயம்.

கேமரான்னதும் ஞாபகம் வருது. வாசல்ல, படியில கேமரா இருந்தா எங்கெங்க இருக்கு, பதிவு எத்தனை நாள் இருக்கும்னு அக்ரிமெண்ட்ல எழுதிடுங்க. ரூமுக்குள்ள, பாத்ரூம் பக்கம், அந்தப் பேச்சே கிடையாது, அது குற்றம்.

ரூமுக்குள்ள நீங்க போறது. உங்க வீடு தான், ஆனா வாடகை வாங்கிட்டா அந்தக் கதவுக்கு உள்ள அவங்க இடம். ரிப்பேருக்கோ பாக்கறதுக்கோ போகணும்னா 24 மணி நேரம் முன்னாடி சொல்லிட்டுப் போறதுன்னு எழுதியிருக்கேன், பல ஊர்ச் சட்டத்துலயும் இதே கணக்கு தான் இருக்கு. தீ, தண்ணிக் கசிவு மாதிரி அவசரம்னா மட்டும் உடனே, அதுவும் போனதுக்கு அப்புறம் தகவல் சொல்லணும். இந்த வரி எங்க வீட்டுக்காகவே எழுதினதுன்னு சொல்லலாம். எங்க அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, மாடிக்குப் போகும்போது எந்த ரூம்லயாவது ஃபேன் சும்மா சுத்துற சத்தம் கேட்டா மனசு தாங்காது, மாஸ்டர் சாவியை எடுத்துட்டுப் போய் அணைச்சுட்டு வந்துடுவாங்க, நல்ல எண்ணம் தான். "அத்தை, இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம்"னு நான் பேப்பரைக் காமிச்ச அப்புறம் தான் நின்னுச்சு. மருமகள் சொல்லிக் கேக்காதது பேப்பர் சொல்லிக் கேட்டுச்சு.

இன்னும் சிலது வேகமா சொல்லிடறேன். வீட்டு லோன் இருந்தா பேங்க் பேப்பர்ல வாடகைக்கு விட அனுமதி பத்தி என்ன இருக்குன்னு பாருங்க, வீட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்க, சொல்லாம விட்டா நாளைக்கு ஏதாவது ஆகி க்ளெய்ம் போடும்போது அதையே காரணமா சொல்லலாம். அபார்ட்மெண்ட்னா அசோசியேஷன் விதி. நீங்களே வாடகை வீட்ல இருந்துக்கிட்டு அதுல ஒரு ரூமை விடுறதா இருந்தா உங்க ஓனரோட சம்மதம் எழுத்துல வேணும், இது இல்லாம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க, ரெண்டு பக்கமும் மாட்டிக்குவீங்க. வர்ற வாடகை வருமானம், அதுக்கு வரிக் கணக்கு உண்டு. அடையாள அட்டை காப்பி வாங்கினா அதை ஒழுங்கா வச்சுக்கோங்க, டிராயர்ல போட்டுட்டு எல்லாரும் பாக்கற மாதிரி விடாதீங்க, அவங்க போனதுக்கு அப்புறம் தேவையான காலம் முடிஞ்சதும் கிழிச்சுடுங்க. புகை அலாரம், ஒழுங்கான வயரிங், ராத்திரி அவசரத்துக்கு உள்ள இருந்து சாவி இல்லாம திறக்கிற வாசல் கதவு, இது அக்ரிமெண்ட்ல எழுதுற விஷயம் இல்ல, ரூம் விடுறதுக்கு முன்னாடியே இருக்க வேண்டிய விஷயம்.

காலி பண்றது. நோட்டீஸ் ரெண்டு பக்கமும் ஒரே அளவு வைங்க, அவங்களுக்கு ஒரு மாசம்னா உங்களுக்கும் ஒரு மாசம், சட்டம் அதைவிட அதிகம் கேட்டா அது. நோட்டீஸ் எப்படிக் குடுக்கணும்னும் எழுதுங்க, மெசேஜ் போதும்னா போதும்னு எழுதுங்க. குறிச்ச காலம் முடிஞ்சு யாரும் ஒண்ணும் பேசலன்னா என்ன ஆகும்ங்கிறதையும் எழுதணும், மாசாமாசம் தானா தொடருமா, இல்ல புதுசா போடணுமா. பாதிப் பேர் இதை எழுதுறதே இல்ல, முதல் அக்ரிமெண்ட் முடிஞ்சு வருஷக்கணக்கா ஆளும் இருப்பார், வாடகையும் வரும், எந்த விதிப்படி இருக்கார்னு ரெண்டு பேருக்குமே தெரியாது.

வாடகை வரலன்னா? எத்தனை நாள் பொறுப்பீங்க, அப்புறம் எழுத்துல நினைவூட்டல், அப்புறம் நோட்டீஸ், இந்த வரிசையை எழுதி வைங்க. ஆனா ஆத்திரத்துல பூட்டை மாத்தறது, கரண்ட்டை நிறுத்தறது, சாமானைத் தூக்கி வெளிய வைக்கிறது, இது மட்டும் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டுச் சட்டம் அத்தியாவசிய சேவைகளை நிறுத்தக்கூடாதுன்னு நேரடியாவே சொல்லுது, இங்கிலாந்துல 1977ம் வருஷத்துச் சட்டப்படி குடியிருக்கிறவரைச் சட்டவிரோதமா வெளியேத்தறது கிரிமினல் குற்றம். வாடகை பாக்கி வச்சது அவர், ஆனா கேஸ்ல மாட்டுறது நீங்களா ஆயிடும். "மீறினால் உடனடியாக அறையைப் பூட்ட உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு"ன்னு சில ஃபார்மேட்ல ஒரு வரி வரும், அதுல அவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டத்துக்கு முன்னாடி அந்த வரி உங்களைக் காப்பாத்தாது. எடுத்துடுங்க அதை.

விட்டுட்டுப் போற சாமானுக்கும் ஒரு வரி வேணும். கிளம்பின அப்புறம் எத்தனை நாள் வச்சிருப்பேன், அதுக்குள்ள எத்தனை தடவை தகவல் சொல்லுவேன், அப்புறம் என்ன பண்ணுவேன். ஒரு சூட்கேஸ் எங்க படிக்கட்டுக்கு அடியில ரொம்ப நாள் கெடந்துச்சு, தூக்கிப் போடவும் மனசு வரல, வச்சுக்கவும் இடம் இல்ல, விட்டுட்டுப் போனவரைக் கேட்டா "அடுத்த வாரம் வரேன் அக்கா"ன்னே சொல்லிட்டு இருந்தார். இப்ப முப்பது நாள்னு எழுதியிருக்கேன்.

கையெழுத்துப் போடற அன்னைக்கு நான் பேப்பரை நீட்டி "இங்க இங்க போடுங்க"ன்னு சொல்றதில்ல. முதல் நாளே அனுப்பிடுவேன், படிச்சுட்டு வரச் சொல்லுவேன், வந்ததும் உக்காந்து ஒவ்வொரு வரியா சத்தமா படிப்போம், அரை மணி நேரம் ஆகும், பத்திரத் தமிழ்ல "மேற்படி சொத்தில்"னு எல்லாம் எழுதாம பேசற மாதிரியே எழுதியிருக்கிறதுனால சந்தேகம் வந்தா அங்கயே கேப்பாங்க. அவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுன்னா அவங்களுக்குத் தெரிஞ்ச மொழியில ஒரு காப்பி, எந்தக் காப்பி இறுதின்னும் ஒரு வரி. ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு பேர் கையெழுத்து, அடிச்சுத் திருத்தின இடத்துல பக்கத்துலயே கையெழுத்து, ஆளுக்கு ஒரு ஒரிஜினல். நடுவுல ஏதாவது மாத்தினா, உதாரணத்துக்கு வாடகைத் தேதியை அஞ்சுல இருந்து பத்தாக்கினா, வாய்ல பேசினதை அன்னைக்கே மெசேஜ்ல போட்டு "சரி"ன்னு பதில் வாங்கிடுவேன், ரெனியூ பண்ணும்போது அந்த மெசேஜ் எல்லாம் அக்ரிமெண்ட்டுக்குள்ள போயிடும், யாரும் ஒரு தடவை கூட எடுத்துப் பாக்காத வரிகளை அப்ப எடுத்துடுவேன்.